மார்ச் பதினான்கு, காலை ஏழு

வாசல் மணி அடித்தபோது மும்பை செம்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று ஐந்து. வெங்கியின் பழைய கணினியிலோ இரவு ஏழு ஐந்து, தேதி 2009 மார்ச் பதினான்கு. அந்த வாசல் மணியின் பேட்டரியை அவன் கழற்றிப் போட்டு ஒரு வருஷமாகிறது.

தேதிக்குக் காரணம் உண்டு. கணினி விளையாட்டுகள் செய்கிற ‘டைல்கிட்’ என்ற மென்பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் தம்பி நகுல். முப்பது நாள் இலவசம். கடைசி நாள் அந்த மார்ச் பதினான்கு. முழுப் பதிப்பின் சிடியை மாட்டுங்காவில் ஒரு சிநேகிதனிடம் வாங்கிக்கொண்டு திரும்பியவன், இரவு ஏழு ஐந்துக்கு, குர்லா தாண்டி ரயிலிலிருந்து விழுந்தான். அன்று காலை ஏழுக்கு அறுந்த செருப்பு வாரோடு வாசலில் நின்றவனுக்கு ஊக்குக் குத்திக் கொடுத்து, தாங்கும் போ என்று அனுப்பியது வெங்கிதான். தாங்கவில்லை. போலீஸ் திருப்பிக் கொடுத்தது வார் அறாத ஒற்றைச் செருப்பு.

டைல்கிட் கம்பெனியை மூடிப் பல வருஷமாகிறது. நகுலின் பிரதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வெங்கியோடு சேர்த்துப் பத்தொன்பது பேர். விக்ரோலி, மான்குர்த், தேவ்நார் என்று அவரவர் வீட்டில், கணினித் தேதியை அந்தக் கடைசி நாள் காலை ஏழுக்குத் திருப்பினால்தான் அது திறக்கும். ஒரு மணி நேரம் வேலை செய்வார்கள், மூடுவார்கள். ஆபீஸ் முடிந்து களைத்து வந்து, அவர்கள் சண்டையைத் தீர்த்து, கோளாறைச் சரிசெய்து, போகிறேன் என்பவனைக் கெஞ்சி நிறுத்தி, வெங்கிக்குச் சலித்துவிட்டது. குழு கலைந்தால் நகுல் இரண்டாவது தடவை செத்துப்போவான் என்கிற பயம்தான் அவனை இழுத்துக்கொண்டிருந்தது.

இந்த முறை எல்லோருடைய விளையாட்டுகளையும் ஒரே தொகுப்பாக்குகிற வேலை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓடவேண்டியது. அதுவும் நடக்காவிட்டால் விலகிவிடுவோம் என்று பாதிப்பேர் சொல்லியாயிற்று. முந்தின ராத்திரி பதினொன்றுக்குப் பத்தொன்பது கணினிகளிலும் காலை ஏழு வைத்து ஓடவிட்டார்கள். அந்த நாளின் சாயங்காலத்தை அந்தக் கணினிகள் அதுவரை பார்த்ததே இல்லை.

வெங்கி கதவைத் திறந்தான். நல்ல வெயில், கீழே காய்கறிக்காரனின் குரல், மூன்றாம் மாடிக் குக்கர் விசில், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, நடையில் மட்டும் ரயில் பிரேக் போட்டதும் எழும் சுட்ட இரும்பு வாடை தேங்கி நின்றது. ஆள் இல்லை.

போன் அடித்தது. விக்ரோலி ஜமால்.

"அண்ணே, இப்ப பெல் அடிச்சுது. தொறந்தா ஆளக் காணும். ஒத்தச் செருப்பு மட்டும் கெடக்கு. வாருல ஊக்கு குத்துன ஓட்ட இருக்கு, ஊக்கு இல்ல. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு, ஆஃப் பண்ணிரவா?"

திரையில் தொண்ணூற்றாறு சதவீதம். ஒருவர் நிறுத்தினாலும் எல்லாம் போச்சு. அதற்கும் மேலே, நகுல் வரட்டுமே என்று வெங்கிக்குள் ஓர் ஆசை. வெட்கங்கெட்ட ஆசை.

"ஓடட்டும் ஜமால். நிறுத்திடாதே."

குழுவில் செய்திகள் விழுந்தன. தேவ்நார் ரஞ்சனா: சமையலறைத் தொட்டியில் ஒரு கைக்கடிகாரம், ஓடுகிறது. மான்குர்த் ஆஷிக்: உடைந்த மூக்குக்கண்ணாடி, ஒரு பக்கம் ஈரம். அடுத்தவர்: துணியில் சுற்றி ஏதோ, கனமாக.

அதற்கடுத்தவர் எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டார்.

வெங்கி எண்ணினான். பதினெட்டு வீடுகளுக்கு ஏதோ ஒன்று வந்தாயிற்று.

மிச்சம் ஒன்று, அவனுடையது.

முதுகுக்குப் பின்னால் விசைப்பலகை தட்டப்பட்டது. மெதுவாக. ஒற்றை விரலில்.

திரும்பினான்.

ஒரு வலது கை. சுட்டுவிரலில், நகுலுக்கு சோல்டரிங் கம்பி சுட்ட தழும்பு. மணிக்கட்டோடு முடிந்தது. அதற்குப் பின்னால் மேசை மட்டுமே.

தொண்ணூற்றாறு சதவீதம் அழிந்தது. தேதி அதேதான். திரையில் மணி மட்டும் பின்னால் போயிற்று. ஆறு. மூன்று. பன்னிரண்டு. காலை ஏழு.

கை நின்றது. மேசை விளிம்புவரை ஊர்ந்து வந்தது. புரண்டு, மெல்ல விரிந்தது.

உள்ளங்கையில் ஊக்கு.

வாசல் மணி மறுபடி அடித்தது.