ரோஸ் குழாயின் சக்கரம்

பின் அறையைத் திறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. போட்டோக்காரர் பூட்டைத் திருகிக் கதவைத் தள்ளியதும் ஸ்பிரிட் வாசனை முகத்தில் வந்து படிந்தது. ஜன்னலைத் திறந்தார்கள், ஃபேனைப் போட்டார்கள். வாசனை போகவில்லை.

"இங்கேயா வைக்கணும் பிரிண்டரை?" என்றாள் மனைவி.

"முன்னாடி எங்க இடம் இருக்கு? பூரா உன் ஃபிரேமும் கண்ணாடியும்தான்."

"உங்க அக்கா கட்டில் கிடந்த இடம்ங்க."

"கட்டிலைத்தான் கொடுத்தாச்சே."

மேசையை அதே சுவரோரம் இழுத்துப் போட்டார். தாயில்லாத வீட்டில் அவரை வளர்த்து, இந்த ஸ்டூடியோவையும் வைத்துக் கொடுத்தவள் அந்த அக்கா. கடைசி இரண்டு மாதம் இந்த அறையில்தான் படுத்திருந்தாள். தினமும் ஒரு பாட்டில் டிரிப்ஸ். நர்ஸ் வந்து ஸ்பிரிட் தடவி, ஊசியைக் குத்திவிட்டுப் போய்விடுவாள். குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டி, சொட்டு மெதுவாக விழும்படி பார்த்துக்கொள்வது தம்பியின் வேலை. இதயம் தாங்காது, மெதுவாகத்தான் ஏற வேண்டும் என்று நர்ஸ் தினமும் சொல்வாள்.

இப்போது கையில் இருந்தது பள்ளிக்கூட ஆர்டர். நானூறு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு படம், வெள்ளிக்கிழமை காலை கொடுத்தாக வேண்டும். போன வருஷம் தாமதமாகி, தலைமையாசிரியை அவரை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். இந்த முறையும் தவறினால் பள்ளிக்கூடம் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விடும். அதுவும் போனால் கடையை எதற்குத் திறப்பது?

பிரிண்டரில் இருந்த ஆறு குட்டி மைடப்பாக்களும் நாற்பது படத்துக்குள் வறண்டுவிடும். அதனால் அவரே ஓர் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு டப்பாவின் தலையிலும் துளை போட்டு, ரப்பர் வளையம் செருகி, குழாய் வழியாக வெளியே இருக்கும் பெரிய மைபாட்டிலோடு இணைப்பது. பாட்டிலில் மை இருக்கும் வரை படம் வந்துகொண்டே இருக்கும்.

"குழாய்க்கு எங்க போவீங்க?"

அலமாரியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தார். மிச்சமிருந்த டிரிப்ஸ் குழாய்கள். ஐந்து பிரிக்காத உறையில் இருந்தன. ஆறாவதற்கு உறை இல்லை. சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

"இது கடைசியா அவங்க கையில இருந்ததுதானே?"

"வெந்நீர் விட்டுக் கழுவிட்டேன். ஒரு குழாய்க்காக என்னை ஊரெல்லாம் சுத்தச் சொல்றியா?"

அந்த ஆறாவது, ரோஸ் மைக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க சிரிஞ்சால் குழாய்க் காற்றை உறிஞ்சுவதிலேயே கழிந்தது. குழாய்க்குள் ஒரு குமிழி நின்றாலும் படத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. அவர் திட்டினார், பிரிண்டர் கேட்கவில்லை. மாலையில் முதல் படம் பழுதில்லாமல் வந்தது. ஆறு சக்கரங்களையும் பாட்டில் ஓரமாக வரிசையாக நகர்த்தி, முழுக்கத் திறந்து வைத்துவிட்டுப் படுக்கப் போனார்கள்.

புதன் காலை, வந்த படமெல்லாம் பச்சை. ரோஸ் இல்லாமல் முகத்துக்கு உயிர் ஏது?

"பிள்ளைங்க எல்லாம் செத்துக் கிடக்கிற மாதிரி இருக்குங்க."

"வாயைக் கழுவு."

ரோஸ் குழாயின் சக்கரம் இறுக்கமாக மூடியிருந்தது.

"நீ தொட்டியா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாருங்க."

திறந்தார். பத்துப் படம் நன்றாக வந்தது. பதினொன்றாவது முகம் மறுபடி பச்சை. பகலுக்குள் ஏழு முறை திறந்துவிட்டார், ஏழு முறையும் அது மூடிக்கொண்டது. வீணான படங்கள் காலடியில் குவிந்தன. பசை டேப் ஒட்டிப் பார்த்தார். டேப் பாட்டுக்கு ஒட்டியே இருந்தது, உள்ளே சக்கரம் மூடியிருந்தது.

"என் பொறுமையைச் சோதிக்கிறதுக்குன்னே செஞ்ச சாமான் இது."

"நீங்க செஞ்சதுதான்" என்றாள் அவள்.

வியாழக்கிழமை சாப்பிட்டுவிட்டு வந்தபோது ஐந்து சக்கரங்கள் பாட்டில் ஓரமாகவே இருந்தன. ஆறாவது மட்டும் ஒரு முழம் நகர்ந்து, பிரிண்டர் பக்கமாக வந்திருந்தது. கட்டில் கிடந்திருந்தால் அக்காவின் கை இருக்கும் இடம் அது.

அவர் முகத்திலும் ரோஸ் இல்லை.

"என்னங்க?"

ஸ்பிரிட் வாசனை மேசைக்குப் பக்கத்தில் கெட்டியாக நின்றது.

"அண்ணியும் சக்கரத்தைத் தொடுவாங்களே. கை குளிருதுன்னு மெதுவா வெச்சுக்குவாங்க."

"ஆமா."

"அவங்க போன அன்னிக்கு என்ன நடந்துச்சு? நான் எங்க அம்மா வீட்ல இருந்தேன். நீங்க சொன்னதே இல்ல."

"ஒரு கல்யாணம். ஒன்பது மணிக்கு நான் அங்க நிக்கணும். பாட்டில் முடிய மத்தியானம் ஆகும்." அவர் குரல் கீழே இறங்கியது. "முழுசாத் திறந்து விட்டேன். அக்கா குறைச்சாங்க. திரும்பத் திறந்தேன். திரும்பக் குறைச்சாங்க. எனக்கு நேரமாச்சு. சக்கரத்தை மேலே தள்ளிட்டேன். பாட்டில் கிட்ட."

"கை எட்டாத இடத்துலயா?"

"எட்டலடான்னு சொன்னாங்க. வந்துடறேன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்."

அவள் மேசையை விட்டுத் தள்ளி நின்றாள்.

க்ரிக்.

சின்னச் சத்தம். நகம் பிளாஸ்டிக்கைக் கீறுவது போல. இருவர் கையும் மேசையில் இல்லை. சக்கரம் தானாக, ஒரு பல் அளவு உருண்டது.

க்ரிக்.

"எடுத்துப் போட்ருங்க. இந்த ஆர்டர் போனாப் போகட்டும்."

"போகட்டுமா? நாளைக்குக் காலைல நான் என்ன சொல்லிட்டு நிப்பேன், எங்க அக்கா விடலைன்னா?"

பிளேடை எடுத்தார். சக்கரத்தோடு சேர்த்துக் குழாயை அறுத்தார். சக்கரம் விடவில்லை. அழுத்தினார். பிளேடு வழுக்கி, இடது உள்ளங்கையைக் குறுக்கே பிளந்தது. மேசையில் மை எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, சக்கரத்தைக் குப்பையில் எறிந்து, குழாயின் இரண்டு முனைகளையும் இணைத்தார்.

அதற்கப்புறம் பிரிண்டர் நிற்கவே இல்லை. நானூறு பிள்ளைகளும் கன்னம் சிவக்கச் சிவக்க வந்தார்கள். கடைசிப் படம் விழுந்தபோது அவர் நாற்காலியில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். வெட்டுப்பட்ட கை முழங்கை வரை வீங்கியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

வெள்ளிக்கிழமை காலை படங்களைக் கொடுத்தது அவள். தலைமையாசிரியை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷமும் நீங்களே எடுங்க என்றார். அவள் பள்ளிக்கூடக் குழாயடியிலேயே சோப்புப் போட்டு, ரோஸ் மை முழுக்கப் போக இரண்டு முறை கை கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வார்டில் நல்ல வெயில். கட்டிலருகே நர்ஸ் கோபமாக நின்றுகொண்டிருந்தாள்.

"யாரும்மா சக்கரத்தைத் தொட்டது? மெதுவா ஏறணும்னு சொல்லிட்டுத்தானே போறேன், மூணு தடவையா முழுசாத் திறந்து கிடக்கு."

"நான் இப்பதான் வர்றேன் சிஸ்டர்."

"இவ்வளவு மேலே யாரு ஏத்தினது? இவருக்கு எட்டவும் எட்டாது."

நர்ஸ் சக்கரத்தைக் கீழே இறக்கி, வேகத்தைக் குறைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சொட்டு மெதுவாக விழுந்தது. அவர் கண் மூடியிருந்தார்.

ஸ்பிரிட் வாசனை. ஆஸ்பத்திரிதானே என்று நினைத்துக்கொண்டாள்.

அவருடைய நல்ல கை போர்வையிலிருந்து மெல்ல உயர்ந்தது. விரல்கள் காற்றைத் தடவின.

"எட்டல" என்றார், கண் திறக்காமல்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சக்கரம் பாட்டிலுக்குக் கீழே, உச்சியில் இருந்தது. சொட்டுகள் கம்பியாக ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளைச் சக்கரத்தின் மேல் ரோஸ் நிறத்தில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது, ஈரம் காயாமல்.

எழுந்து அதைக் கீழே இழுத்தாள். மூடினாள். உள்ளங்கைக்குள் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி" என்றாள், உதடு மட்டும் அசைய. "போதும் அண்ணி."

கைக்குள் அது உருண்டது.

க்ரிக்.