நல்லமுத்துவின் கழுத்தைக் காணோம்!

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் குணாளன் தே தாரிக் டீயை ஒரு மிடறு விழுங்கிவிட்டு எடுத்தார்.

"சார்... இங்க ஒரு கழுத்தைக் காணோம்!"

பெண் குரல். நடுக்கம் இருந்தது.

"கழுத்தா? அதுக்கு மேல இருந்த தலை?"

"தலை பத்திரமா இருக்கு சார்."

"கீழ இருந்த உடம்பு?"

"அதுவும் இருக்கு. ரெண்டையும் காலையிலதான் பெட்டியில வச்சு அனுப்புனோம்."

"அப்புறம் நான் எதைம்மா தேடணும்?"

"நடுவுல இருந்ததை!"

ஜார்ஜ் டவுனில் குணாளன் பார்க்காத திருட்டு இல்லை. மோட்டார் சைக்கிள் திருட்டு, கோயில் உண்டியல் திருட்டு, பாலிக் புலாவ் டுரியான் பழத் திருட்டு... கழுத்துத் திருட்டு மட்டும்தான் பாக்கி இருந்தது. இன்று அதுவும் வந்துவிட்டது!

சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வெயில் மண்டையைப் பிளந்தாலும் அந்தப் பட்டனை அவர் கழற்ற மாட்டார். தொண்டைக்கு நடுவே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு வீக்கம். 'டாக்டர்கிட்ட காட்டுங்க' என்று சொல்லிச் சொல்லி மனைவி ரூபினி அலுத்துவிட்டாள். ரவுடிகளுக்கு அஞ்சாத குணாளன், டாக்டர் என்றால் மட்டும் ஓடி ஒளிவார்.

மருத்துவக் கல்லூரி. உடற்கூறு மியூசியம்.

அலமாரியில் வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள். நடுவில் ஓர் இடம் மட்டும் காலி.

"நான்தான் போன் பண்ணேன் சார். டாக்டர் காமினி."

பாப் கட் தலை. அழுது சிவந்த கண்கள்.

"காணாம போனது நல்லமுத்து ஐயாவோட கழுத்துப் பகுதி சார். பாகான் டாலாம்காரர். நாங்க படிக்கறதுக்காக உடம்பையே தானம் பண்ணவர்."

"அந்தக் கழுத்துல அப்படி என்ன ஒசத்தி?"

"தைராய்டு சுரப்பிக்கு ரெண்டு மடல் சார். இவருக்கு நடுவுல மூணாவதா ஒண்ணு. அதுகூட நெறைய பேருக்கு இருக்கும்லா. ஆனா அதோட உச்சியிலேர்ந்து மெல்லிசா ஒரு தசை கெளம்பி, நாக்குக்கு அடியில இருக்கற எலும்பு வரைக்கும் ஏறியிருந்துச்சு! சுரப்பியைத் தூக்கிப் புடிக்கிற தசை. ரொம்ப அபூர்வம்!"

"தசையும் கிடையாது, கிசையும் கிடையாது!"

வாசலில் ஒரு தொப்பை வந்தது. அதன் பின்னால் துறைத் தலைவர் டாக்டர் ஹைதர் வந்தார்.

"கழுத்து முன்பக்கத்துல பட்டை பட்டையா தசைங்க இருக்கு சார். அதை வெட்டி ஒதுக்கறப்ப இவங்க கத்தி வழுக்கியிருக்கு. ஒரு கீத்து சுரப்பியில ஒட்டிக்கிச்சு. அதைப் போயி அபூர்வம்னு ஊரெல்லாம் தம்பட்டம்! மத்தியானம் கோலாலம்பூர்லேர்ந்து நிபுணர் நேர்ல பாக்க வராரு. குட்டு வெளிய வந்துரும்னு இவங்களே ஒளிச்சு வச்சுட்டாங்க!"

"போட்டோ இருக்கு டாக்டர்!"

"போட்டோவுல நான்கூடத்தான் ஒல்லியா இருக்கேன்!"

காமினி குணாளனிடம் திரும்பினாள்.

"இன்னிக்கு நிரூபிக்கலைன்னா என் வேலை போயிரும் சார். பொய்க்காரின்னு பேரு வாங்கிட்டு வேற எந்தக் காலேஜ்ல போய் நிப்பேன்?"

குணாளன் எச்சிலை விழுங்கினார். அந்த அழுகையிலும் காமினி அவர் கழுத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

'சரியான கழுத்துப் பைத்தியம்!'

காலியிடத்தில் குனிந்து பார்த்தார்.

ஒரு மல்லிகை மொட்டு... பக்கத்தில் சிந்திய திருநீறு!

"டாக்டர் காமினி... நீங்க பூ வைப்பீங்களா?"

"பாத்தீங்களா!" என்று துள்ளினார் ஹைதர்.

"இந்த பாப் கட்ல பூ எங்க சார் நிக்கும்?"

நியாயம்தான்.

"அப்போ காலையில பூவும் திருநீறுமா இங்க வந்தது யாரு?"

காமினியின் முகம் மாறியது.

"ஐயாவோட உடம்பைக் குடும்பத்துக்கிட்ட திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வழியனுப்பு சடங்கு வச்சோம் சார். அவர் வீட்டுக்காரம்மா வந்தாங்க. ஜெயலெட்சுமி அம்மா. எல்லாருக்கும் ஒரு கூடை நெறைய வடை... அப்போ ஒரு மாணவி பெருமையா, 'ஐயாவோட கழுத்து எங்க மியூசியத்துல இருக்கும்மா'ன்னு..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

குணாளன் வாசலில் காவலுக்கு நின்ற ஜாகாவிடம் திரும்பினார்.

"அந்தம்மா போறப்ப கூடையில என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"எங்க பாக்கறது துவான்? வாயில வடை!"

வடை உள்ளே வந்திருக்கிறது. கழுத்து வெளியே போயிருக்கிறது!

காமினியையும் ஏற்றிக்கொண்டு பத்து லஞ்சாங் மின்சுடலைக்கு ஜீப் பறந்தது. பறந்தது என்பது ஒரு மரியாதைக்கு. கிரீன் லேன் நெரிசலில் ஊர்ந்தது.

நல்லவேளை! பெட்டி இன்னும் உள்ளே போகவில்லை. பக்கத்தில் ஜெயலெட்சுமி, மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, கூடையைக் குடுங்க."

"மாட்டேன் தம்பி."

மழுப்பக்கூட இல்லை!

"ஐயா முழு உடம்பையும் காலேஜுக்கு எழுதிக் குடுத்திருக்காரும்மா."

"அவரு குடுத்தாரு. கழுத்தை எடுத்து வச்சுக்கறோம்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? அவரு பேசுற பேச்சுக்கு, இந்தக் கழுத்தை நெரிச்சா என்னன்னு எத்தனை நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா? நெரிக்காம காப்பாத்துனவ நானு! என் கழுத்துல அவரு தாலி கட்டுன அன்னிக்கே அவரு கழுத்து எனக்குச் சொந்தமாயிருச்சு. அதைப் போத்தல்ல போட்டு வச்சுக்கிட்டு, மிச்சத்தை எரிச்சுக்கோன்னா..."

குரல் உடைந்தது.

"போற எடத்துலேர்ந்து என்னை எப்படித் தம்பி கூப்பிடுவாரு?"

குணாளன் கூடையைத் தொடவில்லை. காமினியைத் தனியே அழைத்தார்.

"சட்டம் உங்க பக்கம் டாக்டர். இப்ப விட்டா சாம்பல்தான். ஒரு வார்த்தை சொல்லுங்க, வாங்கித் தரேன்."

காமினி கூடையைப் பார்த்தாள். அவள் வேலை அதற்குள் இருந்தது. மானமும் இருந்தது.

"வேணாம் சார். கேக்காம எடுத்தது எங்க தப்பு. ஐயா முழுசா போகட்டும்."

அவளே குடுவையைத் திறந்து, உரியதை உரியவரிடம் சேர்த்தாள். பெட்டி உள்ளே போனது. இரும்புக் கதவு மூடிக்கொண்டது.

வெளியே வந்ததும் தேம்பித் தேம்பி அழுதாள். குணாளனுக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியவில்லை. புழுக்கம் வேறு! யோசிக்காமல் அந்தப் பட்டனைக் கழற்றிவிட்டுத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார்.

அழுகை சட்டென்று நின்றது.

"சார்! அசையாதீங்க!"

"எ... என்ன? பாம்பா?"

"இன்னொரு மடக்கு முழுங்குங்க!"

முழுங்கினார். தொண்டையில் அந்த வீக்கம் ஏறி இறங்கியது.

"காலையிலேர்ந்தே எனக்குச் சந்தேகம்... வண்டியை எடுங்க சார்!"

மத்தியானம்.

கோலாலம்பூர் நிபுணரும் ஹைதரும் காமினியும் ஸ்கேன் திரையை உற்றுப் பார்த்தார்கள். மேசையில் ஒருவர் மல்லாந்து கிடந்து, கண்ணை இறுக மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் குணாளன்!

திரையில் மூன்றாவது மடல் பருத்துத் தெரிந்தது. அதன் உச்சியிலிருந்து மெல்லிய தசை ஒன்று... எலும்பு வரைக்கும்!

"இதுவும் கத்தி வழுக்குனதுதானா டாக்டர்?" என்றாள் காமினி. "இந்தக் கழுத்துல இதுவரைக்கும் சவரக் கத்தி மட்டும்தான் பட்டிருக்கு!"

ஹைதரின் தொப்பை இரண்டடி பின்வாங்கியது. நிபுணர் அவளுடைய பழைய போட்டோக்களை வாங்கித் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அவள் கையைக் குலுக்கினார்.

"என் உசுருக்கு ஆபத்தாம்மா?" என்று மேசையிலிருந்து ஈனஸ்வரம் வந்தது.

"ஒண்ணுமில்ல சார். பொறவியிலேயே உள்ளது. அப்பப்ப வந்து காட்டுங்க, போதும்."

கதவு தட்டப்பட்டது. ஜெயலெட்சுமி! கையில் குடுவை பளபளத்தது.

"கழுத்து என்னுது. போத்தல் ஒங்களுது. கழுவிட்டேன்."

திருட்டு வழக்கு அங்கேயே உயிரை விட்டது.

காமினி தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினாள்.

"அவசரமே இல்ல சார். நூறு வயசு நல்லா வாழ்ந்துட்டு... அப்புறமா உங்க கழுத்தை எங்களுக்குத் தருவீங்களா?"

குணாளன் குடுவையைப் பார்த்தார். அளவு கச்சிதமாகத்தான் இருந்தது! பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார்.

ஜெயலெட்சுமி அதை வெடுக்கென்று பிடுங்கினார்.

"பொறுங்க தம்பி! மொதல்ல பொண்டாட்டியைக் கூட்டிட்டு வாங்க. அடுத்தவங்க சொத்துக்கு நீங்க எப்படிக் கையெழுத்துப் போடலாம்?"