மேட்டு நிறுத்தத்தில் நிற்காத பேருந்து

தீவைச் சுற்றி ஓடும் பேருந்துகளிலும், அக்கரைக்குப் போய்வரும் படகிலும் பயணிகள் மறந்துவிட்டுப் போகும் சாமான்கள் எல்லாம் கடைசியில் பணிமனை ஓரத்தில் இருக்கும் ஒற்றை அறைக்குத்தான் வந்து சேரும். அந்த அறைக்குப் பொறுப்பாளரான அம்மாளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட ஆறு வயது மூத்த மேலாளரும் அப்படியே கூப்பிடுவார், அதில் அவருக்கு வெட்கமே கிடையாது.

வியாழக்கிழமை காலை பெரியக்கா இரண்டு ஜோடிக் குட்டிக் காலுறைகளுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் அளவு கம்பளிக் காலுறைகள், இரண்டு ஜோடியும் ஒரே மஞ்சள். 'செவ்வாய், காலைப் படகு' என்று சீட்டில் எழுதினார். எதிரே முக்காலியில் டயர் பிரிவு ஆள் உட்கார்ந்திருந்தார். பணிமனையில் அவர் பெயர் பஞ்சர். நாற்பது வயதாகியும் எங்கே என்ன வம்பு என்று மோப்பம் பிடிக்கும் மூக்கு அவருக்கு. போன வருடம் தொலைந்த ஒரு வயலினைப் பெரியக்கா கண்டுபிடித்ததிலிருந்து இந்த முக்காலியே கதி என்று கிடந்தார்.

ஐந்தாம் எண் பேருந்தின் ஓட்டுநர் வாசலில் வந்து நின்றார். சீருடை இல்லை, முகத்தில் இரண்டு நாள் தாடி.

"என்ன தொலைச்சீங்க?" என்றார் பெரியக்கா.

"மானத்தை. பத்தொன்பது வருஷமா சேர்த்து வச்சது."

பஞ்சர் முக்காலியை அவரிடம் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

கதை இதுதான். செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குப் படகு வந்தது. ஓட்டுநர் ஆறு நாற்பதுக்குப் படகுத் துறையை விட்டுக் கிளம்பினார். மேட்டு நிறுத்தத்துக்கு ஆறு ஐம்பதுக்குப் போயிருக்க வேண்டும். போனேன் என்கிறார் அவர். வரவே இல்லை, மேடு ஏறச் சோம்பல்பட்டுக் கீழ்ச்சாலை வழியாக ஓடிவிட்டார் என்று மேட்டுக்காரர்கள் ஏழு பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்துவிட்டார்கள். வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி உப்புக்காற்றில் செத்து ஆறு மாதம் ஆகிறது. வண்டியில் இருந்த நான்கைந்து பேரும் வெளியூர்க்காரர்கள். எங்கே போய்த் தேடுவது?

"சாயங்காலம் நாலு மணிக்கு விசாரணை, அக்கா. என் வேலைக்குச் சங்குதான்."

"மேட்டுல யாருமே ஏறலையா?"

"ஒருத்தர் ஏறினார். தையல்காரர், காது கேட்காதவர். சொன்னேன். மேலாளர் அவருக்கு போன் பண்ணினாராம், எடுக்கலையாம்."

பெரியக்கா பேனாவை மூடினார். "காது கேட்காதவருக்கு போன் பண்ணினாரா? நல்லா இருக்கு விசாரணை. பஞ்சர் தம்பி, கிளம்புங்க. பத்து ஐம்பதுக்கு மேட்டுல நிக்கிற வண்டியைப் பிடிப்போம்."

மணிக்கு ஒரு வண்டிதான். பத்து ஐம்பது வண்டி கடலோரமாகப் படகுத் துறைக்கு வந்து, அங்கிருந்து முக்கி முனகி மேடு ஏறியது. பஞ்சர் வழிநெடுக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தடயம் தேடினார். ஒரு மரக்கிளை அவர் காதைக் கீறியதுதான் மிச்சம்.

மேட்டு நிறுத்தத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சும் ஒரு தகரப் பலகையும் இருந்தன. நேர அட்டவணை கிடையாது. 'படகு வந்து சேரும் சங்கொலிக்கு இருபது நிமிடத்தில் பேருந்து வரும்' என்ற ஒரே வரி, கீழே போக்குவரத்துத் துறையின் முத்திரை. எதற்கும் இருக்கட்டும் என்று பஞ்சர் அதை எழுத்து விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மனுவில் முதல் கையெழுத்து, தெருமுனையில் துணி தேய்த்துக் கொடுக்கும் அம்மாளுடையது. இவர்கள் யாரென்று தெரிந்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இவர்களைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஆளுக்காகப் பரிஞ்சு பேச வந்தீங்களா? என் பொண்ணு ரெண்டு வருஷமா படிச்சது நர்சிங் நுழைவுத் தேர்வுக்கு. எட்டு மணிக்கு கேட்டை மூடிட்டாங்க. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு எட்டரைக்குப் போய் நின்னோம். காவலாளி கால்ல விழாத குறை. பொய் சொல்ற நாக்கு அழுகித்தான் போகும்!"

"அம்மா!" என்றாள் உள்ளேயிருந்து வந்த மகள். பிறகு பெரியக்காவிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "பஸ் தவறினதுக்குப் போக்குவரத்துத் துறையே பொறுப்புன்னு கடிதம் கொடுத்தா மறு தேர்வு எழுத விடுவாங்களாம். நாளைக்குள்ள கொடுக்கணும்."

பஞ்சர் பெரியக்காவைத் திரும்பிப் பார்த்தார். ஓட்டுநர் பக்கம் நியாயம் என்று ஆனால் இந்தப் பெண்ணுக்கு அந்தக் கடிதம் கிடைக்காதே!

பெரியக்கா நிதானமாகக் கேட்டார். "நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்குப் போனீங்க?"

"ஆறே முக்காலுக்கு. மனுவுலயே எழுதியிருக்கோமே."

"கடிகாரத்தைப் பார்த்தீங்களா?"

"அது நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. சங்கு ஊதினா ஆறரை. ஊதினதும் அடுப்பை அணைச்சு, இவளுக்குத் தலை பின்னி, கிளம்பினோம். எங்களைப் பார்த்துத்தான் மத்தவங்களும் வந்தாங்க. போனை எடுத்துட்டு வரக்கூடாதுன்னு தேர்வுக்காரங்க சொன்னதால இவ போனும் வீட்டுல. அப்புறம் யாரோ ஏழேகால் தாண்டிருச்சுன்னு சொன்னப்பதான் பஸ் வராதுன்னு புரிஞ்சுது. அரை மணி நேரம் கால்கடுக்க நின்னோம், அடுத்த வண்டிதான் வந்தது."

அந்த நேரம் பார்த்துக் கீழே படகு சங்கு ஊதியது. பதினொன்றரைப் படகு. பேசிக்கொண்டிருந்த அம்மாள் தன்னையறியாமல் தேய்த்த துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தார். தெருவில் மூன்று கதவுகள் திறந்தன. பையும் குடையுமாக ஆட்கள் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள். ஒருவராவது கையைத் திருப்பி மணி பார்க்க வேண்டுமே!

தையல்காரரின் கடை எதிர்வரிசையில். பெரியக்கா ஒரு தாளில் கேள்வியை எழுதி நீட்டினார். அவர் தையல் சாக்குக்கட்டியால் ஒரு வெட்டுத் துணியில் பதில் எழுதினார்: 'செவ்வாய், 6.50. ஏறினேன். நான் மட்டும்தான். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று யோசித்தேன்.' எழுதிவிட்டு மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டினார். அந்தத் தெருவிலேயே ஓடுகிற ஒரே கைக்கடிகாரம் அதுதான் போலிருந்தது. அவர்கள் வெளியே வந்தபோது, பன்னிரண்டு மணிக்குப் புறப்படும் படகு மறுபடி ஒருமுறை ஊதியது. அதே சத்தம். தெருவில் இப்போது ஒரு கதவும் அசையவில்லை.

பஞ்சர் துள்ளினார். "அக்கா! அப்போ ஏழு பேரும் கூட்டுச் சேர்ந்து புளுகறாங்க!"

"யாரும் புளுகலை தம்பி. ரெண்டு பக்கமும் சத்தியம்தான் பேசறாங்க. சத்தியத்தை முப்பது நிமிஷம் யாரோ நகர்த்தி வச்சிருக்காங்க. வாங்க, படகுத் துறைக்கு."

படகு அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்ததும், துறையில் பெரியக்கா அதன் கேப்டனிடம் பேசியது இரண்டே நிமிடம். பஞ்சரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். பஞ்சருக்கு அந்த வருத்தம் நாலு மணி வரை தீரவில்லை.

நாலு மணிக்கு மேலாளர் அறையில் இடமே இல்லை. ஓட்டுநர் சுவரோரம் நின்றார். இஸ்திரி அம்மாளும் மகளும், தையல்காரரும், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேப்டனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தம்மா ஆறே முக்கால்லேருந்து நின்னோம்னு சொல்றாங்க," என்று பெரியக்கா ஆரம்பித்தார். "ஆனா அடுத்த வண்டி ஏழு ஐம்பதுக்கு. அப்படின்னா ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னிருக்கணும். அவங்க சொன்னது அரை மணி. காத்திருக்கிறவங்க நேரத்தைக் கூட்டிச் சொல்லுவாங்க, குறைச்சுச் சொல்லவே மாட்டாங்க. அப்போ அவங்க நிறுத்தத்துக்கு வந்ததே ஏழேகாலுக்குத்தான்."

"சங்கு ஊதிச்சே!" என்றார் இஸ்திரி அம்மாள்.

"ஊதிச்சும்மா. தினமும் காலைப் படகுக்கு ரெண்டு தடவை ஊதும். ஆறரைக்கு வரும்போது, ஏழுக்குப் போகும்போது. நீங்க முதல் சங்குக்குக் கிளம்புவீங்க, ரெண்டாவதைக் கண்டுக்க மாட்டீங்க. செவ்வாய்க்கிழமை முதல் சங்கு ஊதவே இல்லை. நீங்க கேட்ட முதல் சங்கு, படகு திரும்பிப் போற சங்கு. அதனாலதான் சங்கே கேட்காத ஒருத்தர் மட்டும் சரியான நேரத்துக்கு வந்து பஸ் ஏறினார்."

தையல்காரர் எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பெரியக்கா மஞ்சள் காலுறைகளை மேசைமேல் வைத்தார். "செவ்வாய்க்கிழமைக் காலைப் படகுல கிடைச்சது. ஒரே அளவு, ஒரே நிறம், ரெண்டு ஜோடி. ஏன் ஊதலைன்னு இதைப் பார்த்துத்தான் ஊகிச்சேன். மீதியை கேப்டனே சொல்லட்டும்."

கேப்டன் எழுந்தார். "ரெட்டைக் குழந்தைங்க. குறைமாசத்துல பிறந்து, நாற்பது நாள் ஆஸ்பத்திரியில இருந்துட்டு வீட்டுக்கு வருதுங்க. கடல் முழுக்கக் கத்தித் தீர்த்துட்டு, கரை தெரியும்போதுதான் கண்ணசந்துச்சுங்க. அந்தத் தாய் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டா. நானும் ஊதலை. ஒரு சங்குல என்ன குடிமுழுகிப்போகும்னு நினைச்சேன்." அவர் இஸ்திரி அம்மாளின் மகளைப் பார்த்தார். "உன் குடியைத்தான் முழுக வச்சிருக்கேன்னு இன்னைக்கு மத்தியானம்தாம்மா தெரிஞ்சுது. மன்னிச்சிரு."

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். "ஓட்டுநர் மேல தப்பில்லை, சரி. ஆனா பஸ் வந்திருக்கே. வந்த பஸ்ஸை வரலைன்னு நான் எப்படிக் கடிதம் கொடுக்கறது? சங்கை நம்பி வாங்கன்னு நாமளா சொன்னோம்?"

"நாமதான் சொன்னோம்!" என்று கத்தியது பஞ்சர். எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவர் நோட்டைப் பிரித்துப் பலகையின் வரியை முத்திரை முதற்கொண்டு வாசித்தார். "சங்கும் நம்ம துறையோடது, பலகையும் நம்ம துறையோடது. பஸ் வந்துச்சு, சொன்ன சொல் வரலையே சார்!"

பெரியக்கா சொல்ல வைத்திருந்ததைத்தான் பஞ்சர் சொல்லிவிட்டார். பெரியக்காவின் கண்ணில் பெருமை தெரிந்தது.

மேலாளர் கேப்டனைப் பார்த்தார். "சங்கு ஊதலைன்னு கைப்பட எழுதிக் கொடுப்பீங்களா? நடவடிக்கை வரும்."

"வரட்டும். எழுதறேன்."

அரை மணி நேரத்தில் இரண்டு கடிதங்கள் தயாராயின. ஒன்று ஓட்டுநருக்கு, ஒன்று மகளுக்கு. மேட்டு நிறுத்தத்துக்கு நாளையே கடிகாரம் வாங்கச் சொல்லி மூன்றாவதாக ஒரு தாளிலும் மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவில் இஸ்திரி அம்மாள் ஓட்டுநருக்கு எதிரே வந்து நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"மறு தேர்வு என்னைக்கும்மா?" என்று ஓட்டுநர் மகளிடம் கேட்டார்.

"அடுத்த புதன், அங்கிள்."

"புதன் எனக்கு ஓய்வு நாள்." அவர் ஒரு கணம் யோசித்தார். "டூட்டியை மாத்திக்கிறேன். ஆறு ஐம்பதுக்கு வண்டியை நிறுத்துவேன். நீங்க ரெண்டு பேரும் ஏறி உட்காராம நகர்த்த மாட்டேன்."