கயிறு அவிழ்ந்த நீர்க்காகம்

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது டொகுஜியின் தட்டில் மீன் இல்லை. சோறு இருந்தது, ஊறுகாய் இருந்தது, மீனுக்குக் கீழே விரித்த மூங்கில் இலையும் இருந்தது. இலை நனைந்திருந்தது. உப்புத் தடவிச் சுட்ட ஆயு மீனை வைத்தால் இலை வாடுமே தவிர இப்படிச் சொட்டச் சொட்ட நனையாது.

"ஃபுசாயே, எனக்கு மீன் வெக்கலையா?"

"தலையோட முழுசா வெச்சேனே!" அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "முள்ளக்கூட விடாம தின்னுட்டு, வெக்கலையான்னு கேக்குறீங்களே. வயசாகுதுங்க உங்களுக்கு."

அவர் தின்னவில்லை. வாயில் மீன் பட்ட நினைவே இல்லை. அறைக்குள் ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது. மழைக்காலம், வீட்டுக்குப் பின்னாலேயே நகரா ஆறு, வாடை வரத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஊறுகாயைத் தொட்டுச் சோற்றை விழுங்கினார்.

டொகுஜிக்குத் தொழில், பழைய வாள்களின் உலோக அணிகளைச் செப்பனிடுவது. பைத்தியம், அவற்றில் செதுக்கியிருக்கும் பறவைகள். வாளின் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே கோக்கும் வட்டக் காப்புத் தகடுகளில், நாணலில் இறங்கும் காட்டு வாத்துகள், மூங்கிலில் சண்டை போடும் சிட்டுக்குருவிகள், அலையோரத்துக் கொக்கு, பனியில் குந்திய பருந்து என்று வாழ்நாளெல்லாம் தேடித் தேடிச் சேர்த்திருந்தார். சொந்த ஊர் ஆற்றின் பறவை மட்டும் அகப்படவில்லை. கிஃபுவில் பிறந்து, ஆற்றங்கரையில் வீடு கட்டி, நீர்க்காகத்தை ஏவி மீன் பிடிக்கும் குடும்பத்தில் பெண்ணும் எடுத்தவருக்கு ஒரு நீர்க்காகம் வாய்க்கவில்லை.

வாய்த்தது கன்சாகுவுக்கு. காகிதக் குடை விற்கிறவன், கூடப் படித்தவன், கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாதவன். யாரோ பழைய வீட்டை இடித்தபோது துருப்பிடித்த கீல்களோடு கிடந்ததை வாரிக்கொண்டு வந்தான். குரங்கு கையில் பூமாலை என்பார்களே, அதேதான். இந்தக் குரங்குக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து மாலை மாலையாக விழுந்துகொண்டே இருந்தது.

"டேய் டொகுஜி, இந்தக் காக்காவப் பாருடா. ஏதாச்சும் தேறுமா?"

தேறுமாவா! தங்கம் கலந்த கருஞ்செம்பில் ஊதா மினுங்கும் கறுப்புப் பறவை, இரும்பு அலைகளின்மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. டொகுஜி வாயைத் திறப்பதற்குள் ஃபுசாயே கன்சாகுவின் தோளை ஒட்டிக் குனிந்துவிட்டாள்.

"காக்கா இல்ல கன்சாகு-சான், நீர்க்காகம்! கழுத்துல பாருங்க, கயிறு கட்டியிருக்கு. எங்கப்பா போடுற அதே முடிச்சு."

தொண்டையைச் சுற்றித் தங்க இழை ஒன்று பதித்திருந்தது. பிடித்த மீனைப் பறவை விழுங்கிவிடாதபடி கட்டும் கயிறு அது.

"வேலை முடிஞ்சு கயிற அவுத்தா, அவுத்த கையாலயே தீனி போடணும்பாரு எங்கப்பா," என்றாள் ஃபுசாயே. "போடலேன்னா அது தானா தேடிக்குமாம். அப்புறம் அதுக்கு இன்னதுதான்னு இல்ல, எதையும் முழுங்குமாம்."

"உங்க கைச் சமையல்னா சொல்லுங்க, நானே கயித்த அவுத்துக்கிட்டு வந்துடறேன்."

அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினாள். தன் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று டொகுஜி யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை டோக்கியோவிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வந்து, ஊர் மண்டபத்தில் பழம்பொருள்களைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். அதற்குள் அழுக்கெடுத்துத் தரச் சொல்லி, "உன்ன விட்டா இதத் தொட யாருடா இருக்கா?" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான் கன்சாகு. அந்த நம்பிக்கைதான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

நேற்று அவர் அந்தக் கயிற்றை எடுத்துவிட்டார். கயிறு இருந்தால் அது நகரா ஆற்றின் பறவை, ஆற்றையும் படகையும் கண்ணால் கண்ட ஒருவனின் வேலை. இல்லாவிட்டால் எங்கேயோ தண்ணீரில் நிற்கும் ஏதோ ஒரு கறுப்புப் பறவை. ஊசி உளியால் இழையை நெம்பினார். பள்ளத்தைத் தட்டி மூடி, துருவிய முள்ளங்கிச் சாற்றைத் தடவி, செம்புக் களிம்பு கரைத்த நீரில் கறுக்கும்வரை கொதிக்கவைத்தார். கழுத்து வழுவழுவென்று ஆயிற்று. இழையைக் காகிதத்தில் மடித்து இழுப்பறையில் போட்டார். வெகுநாளைக்குப் பிறகு நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

சாப்பிட்டு முடித்துப் பட்டறை அறைக்கு வந்து மரப்பெட்டியைத் திறந்தார். மூடியின் உட்புறம் ஈரம். பறவையின் அலகில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. சமையல் கையோடு ஃபுசாயே தொட்டிருப்பாள் என்று துடைத்தார். துடைத்த துணியில் சேற்று நாற்றம்.

அவுத்த கையாலயே போடணும்.

அசட்டுப் பேச்சு. படகுக்காரர்கள் ஆயிரம் சொல்வார்கள். வேண்டுமென்றால் இழையைத் திரும்பப் பதித்துவிடலாம், பெரிய வேலையில்லை. பதித்தால்? சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு கன்சாகு இளிப்பான், முன்வரிசையில் உட்கார்ந்து ஃபுசாயே கைதட்டுவாள். ஞாயிறு கழியட்டும் என்று பெட்டியை மூடினார்.

மழை வலுத்தது. கூரையில் விழும் சத்தத்துக்கும், வாய்க்காலில் ஓடும் சத்தத்துக்கும், மரச்சுவர் ஊறி முனகும் சத்தத்துக்கும் அடியில் இன்னொரு சத்தம் இருப்பது அவருக்கு மெல்லத்தான் உறைத்தது: ஈரமான எதுவோ தரையில் பட்டுப் பட்டு நகர்வதும், நிற்பதும், பிறகு குறுகிய தொண்டையில் பெரிய கவளம் இறங்குகிற மாதிரி ஒரு 'களக்'கும். அது அவருடைய சேகரிப்பு இருக்கும் அலமாரிப் பக்கமிருந்து வந்தது.

முதல் தட்டை இழுத்தார். நாணல் இருந்தது, நிலா இருந்தது. காட்டு வாத்துகள் இல்லை. பெயர்த்தெடுத்த தடம்கூட இல்லை. அங்கே யாரும் எதையும் செதுக்கியதே இல்லை என்பதுபோல இரும்பு மழுங்கிக் கிடந்தது. அடுத்த தட்டு. மூங்கில் மட்டும். அடுத்தது. அலையோரத்தில் கொக்கின் ஒற்றைக் கால் நின்றது, மேலே ஒன்றுமில்லை. பருந்து இருந்த தகட்டில் பனி. வெறும் பனி. ஈரமாக.

டொகுஜி வாய்விட்டு அழுதார். பிள்ளையில்லாத வீட்டில் அவைதான் அவருக்குப் பிள்ளைகள். காகிதத்தைப் பிரித்து, தங்க இழையை எடுத்து, பெட்டியிலிருந்து தகட்டைத் தூக்கி, உளியை அதன் கழுத்தில் வைத்தார்.

வாசல் கதவு சறுக்கித் திறந்தது.

"இருக்கானா நம்ம ஆளு?"

"வாங்க கன்சாகு-சான்! நனைஞ்சிட்டீங்களே. அவரு வேலையில இருக்காரு, கூப்பிட்டா கடிப்பாரு. உக்காருங்க, டீ போடறேன்."

அடுப்படிக்கும் பட்டறைக்கும் நடுவே காகிதக் கதவும் ஒரு சின்ன நடையும்தான். தேநீர் ஊற்றுவது கேட்டது.

"என் காக்கா எப்படி இருக்கு?"

"நல்லா தின்னுது போல. மத்தியானம் எங்க வீட்டு மீனைக் காணோம்."

"பாத்தீங்களா, அவுத்து விட்டுட்டான் கஞ்சப்பய!"

இருவரும் சிரித்தார்கள். பிறகு ஃபுசாயே குரலைத் தாழ்த்தினாள். "ஞாயித்துக்கிழமை நானும் வரேங்க. அவருகிட்ட இப்ப சொல்லாதீங்க. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு."

டொகுஜி உளியைக் கீழே வைத்தார். தங்க இழையைக் காகிதத்தில் வைத்து மடித்தார். இன்னொருமுறை மடித்தார். என்ன ஆனாலும் ஆகட்டும்.

கையிலிருந்த தகடு சட்டென்று லேசாயிற்று.

அலைகள். அலைகள் மட்டும்.

தரைப்பாயில் ஈரத் தடங்கள். சவ்வு விரிந்த கால்கள். மேசையடியில் தொடங்கி, கதவிடுக்கைத் தாண்டி, நடையில் இறங்கி, அடுப்படிப் பக்கம்.

ஒரு சத்தம் போட்டால் போதும். ஃபுசாயே, எழுந்து வா. அவ்வளவுதான். மூச்சை இழுத்தார், பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அங்கே கன்சாகு என்னவோ சொன்னான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு.

டொகுஜி வாயை மூடிக்கொண்டார்.

களக்.

மழை.

களக்.

மழை மட்டும்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ. தகட்டைக் கையில் பிடித்தபடியே நடையைக் கடந்து கதவைத் தள்ளினார். தாழ்ந்த மேசையில் இரண்டு கோப்பைகள், இரண்டிலும் ஆவி. இரண்டு இருக்கை மெத்தைகள், உட்கார்ந்த பள்ளம் மெல்ல மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது. தரையெங்கும் ஆற்றுத் தண்ணீர்.

கை கனத்தது. குனிந்து பார்த்தார். அலைகளின்மேல் அது திரும்பி வந்து நின்றிருந்தது. உலோகம் வெதுவெதுப்பாக இருந்தது. கயிறில்லாத கழுத்து புடைத்து, புடைப்பு மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொரு புடைப்பு, அதைத் தொட்டுக்கொண்டே.

டொகுஜி சுண்டுவிரலை அலகருகே நீட்டினார்.

"என்னையும் முழுங்கிடு," என்றார்.

பறவை தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

அதை எடுத்துக் காதோடு அழுத்தினார். உள்ளே, வெகு ஆழத்தில், இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குக் கேட்கவில்லை.