கேமரா பார்த்துக்கொள்ளும்

பாச்சா மாமாவைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்குத் தையல்நாயகி வந்து சேர்ந்தது, பெருமாள் வீதியுலா வரும் கருட சேவையன்று காலை. பெரியவர் படுத்த படுக்கை. பக்கத்து வீட்டு வரதராஜன் அவளை உள்ளே விட்டு, கம்பிக் கதவை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். முன்பு வந்த இரண்டு பெண்களும் சொல்லாமல் ஓடிவிட்டார்களாம்.

கட்டிலுக்கு எதிரே கம்ப்யூட்டர், அதன் தலையில் ஒரு கேமரா. பிராட்பேண்ட் வந்த புதிது. அமெரிக்காவிலிருந்து மகன் ஸ்ரீகர் திரையில் சிரித்தான்.

“பயப்படாதீங்கோம்மா. எதுவானாலும் இதுகிட்ட வந்து சொல்லுங்கோ. நான் பாத்துண்டே இருப்பேன்.”

“ஆறு மணிக்கு உட்டுடணும் சார். பால் குடிக்கிற கொழந்தைய எங்கூரு தாமல்ல உட்டுட்டு வந்துக்கிறேன்.”

“ஷ்யூர்மா, அதுக்கென்ன!”

வாய் வார்த்தைக்கு என்ன பஞ்சம்!

பத்து மணிக்குத் தெருமுனையில் நாகஸ்வரம் கேட்டது. அதே நேரம் பெரியவரின் மூச்சு நின்றது. அலற வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். தெருவில் பிணம் கிடந்தால் பெருமாள் உள்ளே வரமாட்டார். ஊரே காத்திருக்கிறது, தன் வாயால் அதைக் கெடுப்பதா? போர்வையை அவர் முகம்வரை இழுத்துவிட்டு, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குடைகள் தாண்டின. மேளம் தேய்ந்தது.

வீட்டுக்குள் ஈரத் துளசி வாசனை.

ஓடிப்போய்க் கேமரா முன் அழுதாள். “ஐயா தவறிட்டாரு சார்! சாமி தாண்டட்டும்னு சொல்லாம இருந்துட்டேன்.”

ஸ்ரீகர் முகம் சுளித்தான். “என்னம்மா உளர்றேள்? அப்பா அரைமணியா உக்காந்து சேவிச்சிண்டிருந்தாரே. நான்தான் பாத்துண்டே இருந்தேனே.”

அவள் திரும்பினாள்.

போர்வை மூடியபடியே கிடந்தது.

“இப்பவும் உக்காந்துண்டுதான் இருக்கார்,” என்றான் ஸ்ரீகர். “உங்களைத்தான் பாக்கறார்.”

வாசலுக்குப் பாய்ந்து கம்பியை உலுக்கினாள். வரதராஜன் தெருவில் வந்துகொண்டிருந்தார். அப்பாடா என்றிருந்தது.

“தொறங்க ஐயா! பெரியவரு செத்துட்டாரு! எம் புள்ள பாலுக்கு அழுவும்!”

அவர் பதறிச் சாவியைப் பூட்டில் நுழைத்தார். செல்போன் அடித்தது.

“சொல்லு ஸ்ரீகர்... அப்படியா? நன்னாப் போச்சு!”

சிரித்துக்கொண்டே சாவியை உருவினார். “பொய் சொல்லலாமாம்மா? மாமாவே கேமராகிட்ட வந்து பேசினாராம். உன் கை அவருக்குப் பிடிச்சுப்போச்சாம். நீ ராத்திரியும் இங்கேயே இருக்கணுமாம்.”

தையல்நாயகி வீறிட்டாள்.

“அழாதே. குழந்தையையும் கூட்டிண்டு வரச் சொல்லிட்டார். தாமலுக்கு ஆள் போயாச்சு.”

பிறகு அவள் தோளுக்குப் பின்னால், உயரமாக, யாரையோ பார்த்தார்.

“சரி மாமா, நான் பாத்துக்கறேன்,” என்றார்.