வினோவின் லேப்டாப் யாரையும் நம்பவில்லை

அண்ணாமலை நகரில் நஸ்ருதீனின் லேப்டாப் கடைக்கு மாலதி வந்து சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. மழை பிடிக்கப்போகிற இருட்டு. கடைக்கு எதிரேதான் தங்கை வினோதினி தங்கியிருந்த லாட்ஜ். அதன் மொட்டைமாடியை ஏறிட்டும் பார்க்காமல் கடைக்குள் நுழைந்தாள். காயப்போட்ட துணியை எடுக்கப் போன வினோதினி வழுக்கி விழுந்து இறந்தது அங்கேதான். நாலு மாதம் ஆகிறது.

மாலதி பையிலிருந்து எடுத்து வைத்தது, வினோதினி இதே கடையில் வாங்கிய லேப்டாப். திங்கட்கிழமை முதல் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்று மாலதிக்குக் கிடைத்திருந்தது. ஆனால் இந்தச் சனியன் கடலூர் வீட்டு வைஃபையிலும் சேரவில்லை, பக்கத்து வீட்டு வைஃபையிலும் சேரவில்லை. சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் தப்பு என்றே சாதித்தது.

"புது நெட்வொர்க்குன்னாலே மூஞ்ச திருப்பிக்குது தம்பி."

நஸ்ருதீன் டிரைவரை மாற்றினான். உள்ளே இருந்த வைஃபை கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினான். கடை வைஃபையில் சேர்த்துப் பார்த்தான். ம்ஹூம்.

"இதுல ஏற்கெனவே சேந்த நெட்வொர்க்கு லிஸ்ட் இருக்கும்க்கா. அதையெல்லாம் அழிச்சுப் பாக்கலாம்."

மூன்று பெயர்கள் வந்தன. ஒன்று லாட்ஜ் வைஃபை. அடுத்தது 'வினோ', அவளுடைய போன். அவள் விழுந்த அன்றே அந்தப் போன் காணாமல் போயிருந்தது. மூன்றாவது 'எழில் மாமா'.

மாலதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் யார் புதுப் போன் வாங்கினாலும் முதலில் வினோ கையில்தான் போகும். ஹாட்ஸ்பாட்டுக்குப் பெயர் வைக்கிற உரிமை அவளுக்கு. மாலதியின் புருஷன் எழிலனுக்கு அவள் வைத்த பெயர் அது. அவனும் மாற்றத் தெரியாமல் அப்படியே விட்டிருந்தான்.

"கடைசியா இதுலதான் சேந்திருக்கு," என்றான் நஸ்ருதீன். "ஆகஸ்ட் பதினாலு, மதியம் மூணு பத்து."

சிரிப்பு நின்றது.

அன்றைக்கு மூன்றரைக்குத்தான் வினோவைக் கீழே கண்டெடுத்தார்கள். எழிலன் நாள் முழுக்கக் காடாம்புலியூர் முந்திரி மண்டியில் இருந்ததாகச் சொன்னான். தகவல் தெரிந்து அங்கிருந்தே அலறியடித்து ஓடிவந்ததாகச் சொன்னான். மாலதியைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதவனும் அவன்தான்.

"ஹாட்ஸ்பாட்டு எவ்ளோ தூரம் எட்டும் தம்பி?"

"ஒரு ரூம். ஜாஸ்தின்னா ரெண்டு ரூம்க்கா. ஏன்?"

மாலதி அப்போதுதான் எதிரே இருந்த லாட்ஜை ஏறிட்டுப் பார்த்தாள். 

நஸ்ருதீன் மூன்று பெயர்களையும் அழித்தான். திரை ஒருமுறை சிமிட்டியது. யாரும் தொடாமலே ஒரு பெயர் திரும்பி வந்தது.

'வினோ'. இணைந்துவிட்டது. சிக்னல் ஒரே ஒரு கோடு.

"அழிச்சேனேக்கா..." அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

கடைக்குள் சோப்பு வாசனை வந்தது. பாதி காய்ந்த துணியின் வாசனை.

பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் திறந்தபடியே வந்தாள். புதுச்சத்திரத்தில் இரண்டு கோடு. கடலூர் முதுநகரில் மூன்று. வீட்டு வாசலில் கால் வைத்தபோது நான்கும் நிரம்பியிருந்தன. கூடத்தில் குறைந்தது. படுக்கையறையில், இரும்பு பீரோவின் முன்னால், மறுபடி நிரம்பியது.

இந்தப் பீரோவிலிருந்துதான் தினமும் காலையில் எழிலனுக்குச் சட்டை எடுத்துத் தருவாள். உள்ளே லாக்கர் எப்போதும் பூட்டியிருக்கும். மண்டிச் சீட்டெல்லாம் இருக்கிறது, சாவி தன்னிடமே இருக்கட்டும் என்பான். அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்று லாக்கர் திறந்து கிடந்தது.

கல்யாணப் பட்டு வேட்டிக்கு அடியில் வினோவின் போன். கண்ணாடி நொறுங்கி, சார்ஜ் செத்து, எதை அழுத்தியும் உயிர் வரவில்லை. நாலு மாதமாகியும் அது ஈரமாக இருந்தது.

மாலதி அழவில்லை. அவன் அழுததை நினைத்தாள். அந்தக் கண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டதை நினைத்தாள். உடம்பெல்லாம் கூசியது. லேப்டாப்பை அணைத்து, மூடி, மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

வாசலில் பைக் நின்றது.

"மாலதி, சரி பண்ணிட்டாங்களா?" எழிலன் ஈரத் தலையைத் துவட்டியபடியே உள்ளே வந்தான். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். புருவம் சுருங்கியது.

"இன்னாது இது? ஹாட்ஸ்பாட்டு நான் போடவே இல்லியே. யாரோ சேந்திருக்காங்கன்னு காட்டுது."

"யாருன்னு படிங்க."

அவன் படிக்கவில்லை. அப்போதுதான் திறந்த பீரோவைக் கண்டான். பிறகு அவள் கையிலிருந்த போனை.

"மாலதி... நான் தள்ளல. சும்மா பேசத்தான் போனேன்..."

அவள் கேட்கவே இல்லையே, தள்ளினாயா என்று.

அவன் ஹாட்ஸ்பாட்டை அணைத்தான். அது மறுபடி எரிந்தது. அணைத்தான். எரிந்தது. போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடினான்.

எறிந்த போனின் வெளிச்சத்தில் மாலதி அந்தப் பெயரைப் படித்தாள். 'வினோ லேப்டாப்'.

மடியில் அணைந்து கிடந்த லேப்டாப்புக்குள் மின்விசிறி மெல்லச் சுற்றத் தொடங்கியது. வெளியே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அது தெருமுனை தாண்டிப் போன பிறகும், கட்டிலில் கிடந்த போனில் அந்தப் பெயர் அழியாமல் அப்படியே நின்றது.

சோப்பு வாசனை மட்டும் மெதுவாக எழுந்து, அவன் போன வழியே வெளியே போனது.