இந்தா வந்துட்டேன்

டீ ஒன்று மிஞ்சி நின்றது.

இலஞ்சிக்கு ரோடு பிரிகிற விலக்கில் இருக்கிற கடையில், தட்டைக் கொண்டுவந்து வைத்தவர் இன்னொரு தடவை எண்ணிவிட்டு, "பன்னெண்டுதான சொன்னிய? இது யாருக்குன்னு பாருங்க, ஆறுது" என்றார். எல்லோர் கையிலும் கிளாஸ் இருந்தது. எல்லோர் வாயிலும் ரசவடை இருந்தது. சாரலில் நனைந்த சட்டைகளிலிருந்து ஆவி கிளம்பியது, ஆளாளுக்குக் காலைத் தூக்கி அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள், யாரோ உப்பு கேட்டார்கள், யாரோ சிரித்தார்கள். முஃபீத் மட்டும் அந்தப் பன்னிரண்டாவது டீயின் மேல் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முஃபீத்தைத் தெரியாதவர்கள் தென்காசியில் குறைவு. ஷார்ஜாவில் நாலு வருஷம் ஏசி குழாய் மாட்டிக்கொண்டிருந்த பிள்ளை, ஊர் திரும்பிய ஆறாவது மாதம் திடீரென்று காட்டு ஆளாகிவிட்டான். தலையில் பச்சைத் தொப்பி, இடுப்பில் கத்தி, காலில் அங்கிருந்து கொண்டுவந்த பூட்ஸ். தீப்பெட்டி இல்லாமல் தீ மூட்டுவது எப்படி என்று மொட்டைமாடியில் வீடியோ எடுத்ததில் உம்மா ராபியா காயப்போட்டிருந்த இரண்டு நைட்டிகள் கருகின. கத்தி பிடிப்பது எப்படி என்ற வீடியோவில் தன் இடது பூட்ஸின் குதிகாலையே ஒரு துண்டு சீவிக்கொண்டான். அதற்குத்தான் பார்வையாளர்கள் அதிகம். அந்த உற்சாகத்தில் 'காடோடிகள்' என்று ஒரு குரூப் ஆரம்பித்து, 'யாரையும் விட்டுவிட்டு வரமாட்டோம்' என்று அதற்கொரு வாசகமும் போட்டு, முதல் சந்திப்புக்குப் பதினொரு பேரையும் சேர்த்துவிட்டான்.

இடம் கொடுத்தவர் இலஞ்சி நாகராஜன். மலையடிவாரத்தில் அவர் தோப்பு. ஒரே ஒரு நிபந்தனை: தோப்பின் மேல் எல்லையில் நிற்கிற வெள்ளைக் கல்லைத் தாண்டக் கூடாது, அதற்கு அப்பால் வனத்துறைக் காடு. "கல்லைத் தாண்டினேன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் தோப்புப் பக்கமே தலைவைக்கப்படாது. போலீஸுக்கும் நானே சொல்லிருவேன்" என்று சொல்லித்தான் கேட்டைத் திறந்துவிட்டார்.

"பால்வண்ணநாதன் சார் எங்கலே?" என்று அஃப்சல் கேட்டான். முஃபீத்தின் சின்ன வயதுக் கூட்டாளி.

முஃபீத் இன்னொரு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

பால்வண்ணநாதன் வீரகேரளம்புதூர் தாலுகா ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் ரிக்கார்டு ரூமில் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவர். இந்தச் சந்திப்புக்குக் குடை, துண்டு, தூக்குச்சட்டியில் தயிர்ச்சோறு, ரப்பர் செருப்பு சகிதம் வந்திருந்தார். காலையிலிருந்து எல்லோருக்கும் அவர்தான் சிரிப்பு. மத்தியானம் 'தனி இருப்பு' என்று ஒரு பயிற்சி. ஆளுக்கொரு இடத்தில், கண்ணுக்கு மற்றவர் தெரியாதபடி உட்கார்ந்திருக்க வேண்டும். போனையெல்லாம் ஒரு பையில் வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு விசில் கொடுத்தான் முஃபீத். டஜன் பாக்கெட். பதினொன்று அவர்களுக்கு, ஒன்று தன் கழுத்துக்கு.

"பத்து நிமிசத்துக்கு ஒருக்க ஒரு விசில். நல்லா இருக்கேன்னு அர்த்தம். மூணு விசில்னா ஆபத்து. நான் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுத வரைக்கும் எந்திரிக்கப்படாது."

"மூணு விசிலுக்கு எங்க வீட்ல அடுப்ப அமத்திருவோம்" என்றாள் ஸ்ரீவித்யா. அவள் இலஞ்சிப் பள்ளிக்கூடத்து டீச்சர். காடே சிரித்தது.

பால்வண்ணநாதன் சிரிக்காமல் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் முஃபீத்துக்கு அந்தக் குறும்பு தோன்றியது. மற்றப் பத்துப் பேரையும் தோப்புக்குள் பாதையோரமாக உட்காரவைத்துவிட்டு, அவரை மட்டும் வெள்ளைக் கல்லைத் தாண்டி, கால் மணி நேரம் ஏற்றிக் கூட்டிப்போய், ஓடைக்கரையில் ஒரு பாறைமேல் உட்காரவைத்தான். இறங்கும்போது அஃப்சலிடம், "ரிக்கார்டு ரூம்னு நெனச்சுக்கிட்டு அசையாம இருப்பாரு பாரேன்" என்று கண்ணடித்தான்.

அவரிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "இங்கனயே இருங்க அண்ணாச்சி. இந்தா வந்துட்டேன்."

நம் ஊரில் எல்லோரும் சொல்கிற சொல்தான். குளியலறையில் வாளி நிறைந்துகொண்டிருக்கும்போதே போனில் சொல்வோம். இன்னும் கிளம்பவில்லை என்று அதற்கு அர்த்தம். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். முஃபீத் தன் நிக்காஹுக்கே அதைச் சொல்லி முக்கால் மணி நேரம் கழித்துப் போய் இறங்கியவன். அந்தச் சொல்லை அப்படியே நம்புகிற ஒரே ஆள் இந்த வட்டாரத்தில் பால்வண்ணநாதனாகத்தான் இருக்க வேண்டும்.

நாலரை மணிக்கு மழை ஊற்றியது. எல்லோரையும் எழுப்பிக் கீழே விரட்டினான். கேட்டருகே நின்று தலையை எண்ணினான். பதினொன்று. சரியாக இருந்தது. எங்கே எதை எண்ணினாலும் தன்னை முதலில் எண்ணிக்கொள்வது அவன் வழக்கம்.

"ஏல, ஒன்னத்தான். சார் எங்க?" டீக்கடையில் அஃப்சல் விடவில்லை.

"அவரு அப்பவே போயிட்டாரு. சாரல் ஒத்துக்கிடலையாம். பஸ் ஏத்திவிட்டேன்."

சொல்லி முடிக்கவில்லை, தோள்பையில் ஒரு போன் அடித்தது. பால்வண்ணநாதனின் பட்டன் போன். 'வீடு' என்று இருந்தது. முஃபீத் கடைக்குப் பின்னால் புளியமரத்தடிக்கு ஓடினான்.

"தம்பி, நான் முத்துவடிவு பேசுதேன். அவுக இருக்காவளா? மாத்திரை போடுத நேரம்."

"இங்கனதான் கை கழுவுதாவ ஆச்சி. இந்தா வந்துருவாவ."

எவ்வளவு சுலபமாக வந்தது! உண்மையைச் சொல்லிப் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு ஏறியிருந்தால் அரைமணி நேர வேலை. ஆனால் வெள்ளைக் கல் வெளியே வந்துவிடும். நாகராஜன் வருவார், போலீஸ் வரும், எல்லாவற்றுக்கும் மேலே தெரு சிரிக்கும். எல்லோரையும் வண்டியேற்றி அனுப்பினான். குரூப்பில், 'எல்லாரும் பத்திரமா வீடு சேந்தாச்சு. நானும் வீட்லதான்' என்று போட்டான். பதினேழு கைகூப்பல், நாலு இதயம். பட்டன் போனை அணைத்து பைக் பெட்டிக்குள் வைத்துவிட்டு, தனியாகத் தோப்புக்குத் திரும்பினான்.

மணி ஆறுகூட ஆகவில்லை. ஆனால் மேகம் இறங்கிவந்து மரங்களின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டதில், தென்னைகளுக்குத் தலையே இல்லை. வெள்ளைக் கல்லைத் தாண்டியதும் ரோட்டுச் சத்தம் கத்தரித்ததுபோல நின்றது. அதன் பிறகு, இலையிலிருந்து இலைக்குச் சொட்டுகிற தண்ணீர், எங்கேயோ அழுகிக் கிடக்கிற பலாப்பழத்தின் இனிப்பு நாற்றம், பூட்ஸுக்குள் அட்டை ஊர்கிறதா தண்ணீர் ஊர்கிறதா என்று தெரியாத குளிர், ஒரே சுருதியில் இரைந்து இரைந்து காதுக்குள்ளேயே குடியேறிவிட்ட சில்வண்டு. அவன் வீடியோக்களில் காடு இப்படி இருந்ததில்லை.

மேலேயிருந்து ஒரு விசில் வந்தது.

ஒன்று. நல்லா இருக்கேன்.

முஃபீத் அப்படியே குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான். சிரிப்பு வந்தது. உடனே கோபமும் வந்தது. கெழடு, மழை பெய்யுதுன்னு எந்திரிச்சு வந்திருந்தா என்ன? அவரிடம் சொல்லவேண்டியதைக்கூடத் தயார் பண்ணிக்கொண்டான். ஒங்களுக்குத்தான் கடைசிப் பரீட்சை அண்ணாச்சி, ஜெயிச்சிட்டிய. நம்புவார். நோட்டில் எழுதிக்கொள்வார்.

"அண்ணாச்சி! இந்தா வந்துட்டேன்!"

மலை திருப்பிச் சொன்னது. அண்ணாச்சி. இந்தா வந்துட்டேன். கொஞ்சம் தாமதமாகச் சொன்னது போலிருந்தது.

ஏறினான். சில்வண்டு சட்டென்று நின்றது. அந்த அமைதியில் இன்னொரு தடவை கேட்டது.

இந்தா வந்துட்டேன்.

அவன் கத்தவில்லை.

ஓடை மழையில் பெருத்துக் காப்பி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. பாறைமேல் குடை விரித்தபடி இருந்தது. அதனடியில் தூக்குச்சட்டி, கழுவி மூடி. துண்டு, நாலாக மடித்து. நோட்டு, துண்டின்மேல். விசில், குடைக் கம்பியில் தொங்கியது. பாறையடியில் ரப்பர் செருப்பு, ஜோடியாக, கோயில் வாசலில் விடுவதைப் போல நேராக. ஆள் இல்லை. குடைக்குக் கீழே பாறை காய்ந்திருந்தது. கை வைத்தான். சூடு இருந்தது.

நோட்டைத் திறந்தான். 2.50 விசில். 3.00 விசில். 3.10 விசில். நேரம் தவறாமல் பக்கம் முழுக்க. கடைசி வரி: 5.20. முஃபீத் வந்து கூப்பிட்டார்.

ஐந்து இருபதுக்கு அவன் இலஞ்சியில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

ஓடைக்கு அந்தப்பக்கம் சேற்றில் தடம் இருந்தது. வெறுங்காலின் தடம், முதியவருடையது, பெருவிரல் அகன்றது. பக்கத்திலேயே, ஒட்டி ஒட்டி, பூட்ஸ் தடம். இடது குதிகாலில் ஒரு துண்டு இல்லை.

அவன் இன்றைக்கு ஓடையைத் தாண்டவேயில்லை.

போனை எடுத்தான். ஒரு கோடு சிக்னல். இரண்டு தடவை தவறாக அழுத்தினான்.

"அஃப்சல்... மேல மாட்டிக்கிட்டேம்லே. வெள்ளக் கல்லுக்கு அங்கிட்டு. ஓடக்கரையில. நீ வா. ஆளக் கூட்டிட்டு வா."

"வீட்ல இருக்கேன்னு போட்டிருக்க? ரீல்ஸ் எடுக்கியாக்கும்?"

"நெசமாலே. உம்மா மேல சத்தியமா. அண்ணாச்சியக் காணல."

"அவரத்தான் பஸ் ஏத்திவிட்டேன்ன?" அஃப்சல் சிரித்தான். பிறகு குரல் மாறியது. "என்னலே, அழுதியா? சரி சரி. இருந்த எடத்துலயே இரு. இந்தா வந்துட்டேன்."

அவன் குரலுக்குப் பின்னால் குழாயிலிருந்து வாளி நிறைகிற சத்தம் கேட்டது.

லைன் அறுந்தது. முஃபீத் கழுத்து விசிலை வாயில் வைத்து ஊதினான். மூன்று.

ஓடை இரைந்தது.

கீழே, தோப்புக்குள், பதில் வந்தது. ஒரு விசில். கேட்டுக்குப் பக்கத்திலிருந்து. அது அஃப்சல் உட்கார்ந்திருந்த இடம். பிறகு கொஞ்சம் மேலே. ஸ்ரீவித்யாவின் மருதமரம். ஒரு விசில். பிறகு அதற்கு மேலே. மத்தியானம் அவன் உட்காரவைத்த அதே வரிசையில். நல்லா இருக்கேன். நல்லா இருக்கேன். தோள்பையைத் திறந்து கைவிட்டான். விசில்கள் பத்தும் பைக்குள் இருந்தன. ஈரமாக.

நல்லா இருக்கேன்.

கீழே போகிற பாதை முழுக்க அவர்கள் இருந்தார்கள். பத்தாவது விசில் வெள்ளைக் கல்லடியிலிருந்து வந்தது.

அவன் பாறைமேல் ஏறினான். குடைக்குக் கீழே ஒடுங்கினான். முழங்காலைக் கட்டிக்கொண்டான். மூச்சை அடக்கினான். இருட்டு.

ஓடைக்கு அப்பால் வெள்ளையாக ஏதோ அசைந்தது. பால்வண்ணநாதனின் சட்டை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வலதுகையை யாரோ பிடித்திருந்தார்கள். தெருவைக் கடக்கும்போது பிள்ளையைப் பிடிப்பதைப் போல. பிடித்திருந்த ஆளின் தலையில் பச்சைத் தொப்பி.

முஃபீத் தன் தலையைத் தொட்டுப் பார்த்தான். தொப்பி இருந்தது.

"ஏட்டி, கூப்பிட்டாத்தான் எந்திரிப்பாரு பாரேன்" என்றது அந்தக் குரல். அவன் குரல். ஆணுக்குச் சொல்கிற ஏலேயா, பெண்ணுக்குச் சொல்கிற ஏட்டியா என்று இன்னும் பிடிபடவில்லை அதற்கு. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பத்து இடத்திலிருந்தும்.

எந்திரிக்கக் கூடாது. எந்திரிக்கக் கூடாது. எந்திரிக்க—

"முஃபீத்து."

அண்ணாச்சியின் குரல். மெதுவாக. பிரியமாக.

முழங்காலைக் கட்டியிருந்த கைகள் தாமாக அவிழ்ந்தன. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கத்த வாயைத் திறந்தான். ஒரே ஒரு விசில் சத்தம் வந்தது. கைகள் கீழே போயின. வலது பூட்ஸின் நாடாவை அவிழ்த்தன. பிறகு இடது. இரண்டையும் தூக்கி, ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில், ஜோடியாக, நேராக வைத்தன. குளிர்ந்த சேறு விரலிடுக்கில் ஏறியது.

பாறைமேல் போன் வெளிச்சம் போட்டது. அஃப்சல். 'இந்தா வந்துட்டேன்.'

அந்த வெளிச்சத்தில் குடையும் நோட்டும் இரண்டு ஜோடிக் காலணிகளும் தெரிந்தன. நோட்டின் கடைசி வரிக்குக் கீழே மை இன்னும் காயவில்லை. 6.40. அண்ணாச்சி வந்து கூப்பிட்டார்.